செல்லாத நானூறு மணி நேரம்

மூன்றாவது காரும் லாரியில் ஏறித்தான் மலையிலிருந்து திரும்பியது. போகும்போது தன் பலத்தில் ஓடிப் போன வண்டி. வரும்போது கயிறு கட்டிக் கிடந்தது. பணிமனைக்குள் தள்ளி, என்ஜினைக் கழற்றி, அதன் மேல்பாகமான ஹெட்டைத் தூக்கும் வரை எல்லோருக்கும் ஒரு நப்பாசை இருந்தது. தூக்கியதும் அதுவும் போயிற்று. ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் உட்காரும் கேஸ்கட் தகடு, ஐந்தாவது சிலிண்டருக்கும் ஆறாவதுக்கும் இடைப்பட்ட இடத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குக் கருகியிருந்தது. முதல் இரண்டு கார்களிலும் இதே இடம்தான். அச்சடித்தாற்போல.

திட்ட மேலாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பதில் அதில் இருப்பதுபோலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு வாரம்," என்றார். "ஹெட்டை வார்க்கிற நிரந்தர அச்சுக்கு ஆறு வாரத்துல நான் கையெழுத்துப் போட்டாகணும். அதுக்குள்ள இது ஏன் கருகுதுன்னு தெரியலன்னா என்னன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நம்ம ஆறு சிலிண்டரை மூட்டை கட்டிட்டு, வெளியிலேர்ந்து நாலு சிலிண்டர் என்ஜின் வாங்கிப் போட்டுக்குவாங்க."

"ஏழு வருஷம் சார்," என்று யாரோ முனகினார்கள்.

"நம்ம வருஷத்தை எண்ணிப் பாத்து யாரும் கார் வாங்கப் போறதில்ல." அவர் மலைப்பாதை ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "டெஸ்ட் பெட்ல நானூறு மணி நேரம், முழு பாரத்துல, ஒரு சொட்டு கசியாம ஓடின என்ஜின் இது. உங்க கையில குடுத்தா நாலே நாள். அப்ப தப்பு என்ஜின்லயா, உங்க கால்லயா?"

அந்த ஓட்டுநருக்குப் பட்டப்பெயர் பிரேக் மாமா. அவர் பிரேக்கைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர்.

"முப்பது வருஷமா இதே காலுதான் சார். மத்த எந்த என்ஜினும் அதைப் பாத்துக் கருகினதில்ல. அந்த நானூறு மணி நேரத்தைத்தான் ஒரு தடவை தட்டிப் பாக்கணும்."

எல்லோருடைய கண்ணும், நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நின்ற ஒரு பெண்ணின் மேல் போயிற்று. அந்த நானூறு மணி நேரம் அவளுடையது.

அவளை எல்லோரும் மீட்டரக்கா என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. என்ஜினை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெட்டில், நூற்றிருபது அளவுகளைக் கணினி நொடிக்கு நொடி பதிவு செய்துகொண்டிருக்கும். ஆனாலும் அவள் மணிக்கு ஒரு முறை எழுந்து போய், கனத்த கண்ணாடிக்கு அப்பால் உறுமும் என்ஜினைப் பார்த்தபடி, சுவரில் இருக்கும் மீட்டர்களைப் படித்துத் தன் கையால் எழுதுவாள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?" என்று கேட்டால், "அது சொல்லாது. அதுக்கு வயர் மாட்டினவன் சொல்லுவான்" என்பாள்.

வயது நாற்பத்து நாலு. இருபத்து இரண்டில் பிஸ்டன்களை அளந்து பிரிக்கும் வேலைக்கு வந்தவள். முதல் மாதத்திலேயே அளவு தப்பியவை என்று ஒரு முழுப் பெட்டியைத் திருப்பி அனுப்பி, மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுபடி அளந்தபோது அவள் சொன்னதே சரியென்று ஆயிற்று. அடுத்த வாரமே அவளை டெஸ்ட் பெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது பதவி உயர்வா, தொல்லை விட்டதென்ற நிம்மதியா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இந்த என்ஜின் பிறந்தபோதே அவள் கூட இருந்தாள். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்று சரிக்கட்டிவிடும் என்பதால் பட்டுப்போல ஓடும். அதோடு ஒரு டர்போ. வெளியே போகிற சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். மூன்று லிட்டர் என்ஜின் ஐந்து லிட்டர் என்ஜினின் வேலையைச் செய்யும். செய்யத்தான் செய்யும், சும்மா செய்யாது. முதல் வருடம், ஆறு சிலிண்டர் நீளத்துக்கும் ஓடும் கிராங்க் தண்டு முறுக்கிக்கொண்டு இரண்டாக ஒடிந்தது. இரண்டாம் வருடம் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்து விரிசல் விட்டது. மூன்றாம் வருடம் டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் எட்டாமல், அது விசிலடித்துக்கொண்டே உயிரை விட்டது. ஒவ்வொன்றுக்கும் அலுக்காமல் வைத்தியம் பார்த்துப் பார்த்து, ஆறாம் வருடக் கடைசியில் என்ஜின் நானூறு மணி நேரத்தைத் தாண்டியது. அன்று மீட்டரக்கா கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தாள். அதை வெகுநாள் வரை ஒரு அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த நானூறைத்தான் பிரேக் மாமா தட்டிப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் மதியம் அவள் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். பிரேக் மாமா டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சண்டைக்கு வந்தியாம்மா?"

"கேக்க வந்தேன். தட்டிப் பாக்கணும்னீங்களே, எந்தப் பக்கம் தட்டணும்?"

"அது கோவத்துல சொன்னது."

"கோவத்துலதான் நெஜம் வாயில வரும். அந்த நாலு நாளும் என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க மாமா."

அவர் ஆரஞ்சில் பாதியை அவளிடம் நீட்டினார். "என்னத்தைச் சொல்ல? வண்டி தங்கம். இழுவை இருக்கு பாரு, முதுகுல கை வச்சு யாரோ தள்றாப்ல இருக்கும். ஏத்தம், இறக்கம், திரும்ப ஏத்தம். இதையே நாள் பூரா. நாலாவது நாள், ஒரு இறக்கம் முடிஞ்சு அடுத்த ஏத்தத்துல மிதிச்சேன். புஸ்ஸுன்னு வெள்ளைப் புகை. அவ்வளவுதான்."

"குறைன்னு எதுவுமே தெரியலையா?"

"குறைன்னா ஹீட்டர். மேல போனா குளிரு கொல்லும். ஏறுறப்ப நல்லா சூடா ஊதும். இறங்குறப்ப சில்லுன்னு ஊதும். முழங்கால் விறைச்சுப் போகும். மூணு கார்லயும் எழுதிக் குடுத்தேன். ஹீட்டர் செக்‌ஷன்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கங்கன்னான்."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இறங்குறப்ப மட்டுமா?"

"மட்டும்தான். ஏம்மா, ஹீட்டருக்கும் கேஸ்கட்டுக்கும் என்ன உறவு? சித்தப்பன் மகனா?"

"தெரியல மாமா," என்றாள். அப்போது அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஹீட்டருக்கு வெந்நீர் எடுக்கும் குழாய் ஹெட்டின் பின்கோடியிலிருந்து, ஆறாவது சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்து புறப்படுகிறது என்பது மட்டும் தெரியும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல டெஸ்ட் பெட்டைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். எண்ணெய் அளவு பார்த்தாள், பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், ஹெட்டின் கோடியில் இருக்கும் சின்ன ஸ்குருவை அரைச் சுற்று தளர்த்தினாள். சோதனை ஹெட்டுகளில் மட்டும், வெப்பம் அளக்கும் கம்பியைச் செருகுவதற்காக வைத்த துளை அது. கார்களுக்குப் போகும் ஹெட்டில் அது கிடையாது. தளர்த்தியதும் 'புஸ்' என்று கொஞ்சம் காற்று வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சொட்டுத் தண்ணீர். ஸ்குருவை இறுக்கினாள்.

இதற்கு அவர்கள் பேச்சில் 'ஏப்பம் விட வைப்பது' என்று பெயர். எந்தச் சோதனைத் தாளிலும் இந்த வேலை கிடையாது. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரில் எப்படியும் கொஞ்சம் காற்று சேரும். அதை வெளியேற்றிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம் என்று அவளாக ஆரம்பித்தது. அவளைப் பார்த்து மற்ற இரண்டு ஷிஃப்டுக்காரர்களும் செய்தார்கள். பல் தேய்ப்பதை யாராவது எழுதி வைப்பார்களா?

ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டப் போனவள் மாட்டாமல் நின்றாள்.

கார் இறக்கத்தில் இறங்கும்போது மூக்கு தாழும், பின்பக்கம் உயரும். தண்ணீரில் இருக்கும் காற்று உயரமான இடம் தேடிப் போகும். அந்த நேரத்தில் உயரமான இடம் எது? ஹெட்டின் பின்கோடி. அங்கே காற்று அடைத்துக்கொண்டால் ஹீட்டருக்குப் போக வெந்நீர் இல்லை, சில்லென்று ஊதும். ஆறாவது சிலிண்டரைச் சுற்றியும் தண்ணீர் இல்லை. அந்த நிலையில் அடுத்த ஏற்றத்தில் முழு வேகத்தில் மிதித்தால் என்ன ஆகும்? காரில் தினமும் காலையில் பின்னால் போய் ஸ்குருவைத் தளர்த்த யார் இருக்கிறார்கள்?

நானூறு மணி நேரம் என்ஜின் தானாகத் தாங்கவில்லை. அவள் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், கணவரும் அவளும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்து அறையில் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"சரி, கண்டுபிடிச்சிட்ட. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் அவர்.

"கண்டுபிடிச்சதைச் சொன்னா என் ரிப்போர்ட் பொய்னு ஆகும்ங்க. நானூறு மணி நேரம்னு கீழ கையெழுத்துப் போட்டது நான்."

"பொய் ஓட்டினியா?"

"இல்ல. ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டேன். அதான் வினை."

"என் கடையில ஒருத்தர் இருந்தாரு. கண் டெஸ்ட் பண்றப்ப, எழுத்தைத் தப்பாப் படிச்சா 'இன்னொரு தடவை பாருங்க'ம்பாரு, சரியாப் படிச்சா தலையை ஆட்டுவாரு. பாவம், நல்ல மனுஷன். ஆனா அவர்கிட்ட டெஸ்ட் பண்ணின யாருக்கும் சரியான கண்ணாடி கிடைக்கல."

"என்னை அவரோட சேக்கிறீங்களா?"

"நீ அவரை விட மேல. அவரு கடைசி வரைக்கும் தலையை ஆட்டிக்கிட்டேதான் இருந்தாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த அறையிலிருந்து மகள், "அம்மா, சிரிச்சா எனக்கு மறந்து போகுது" என்று கத்தினாள்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளரோடு பென்சிலும் இருந்தான். ஹெட்டை வரைந்த பொறியாளன். ஆளும் அப்படியே ஒல்லியாக, காதில் எப்போதும் ஒரு பென்சிலோடு. மீட்டரக்கா உட்காராமலே சொன்னாள்.

"அந்த நானூறு மணி நேரம் செல்லாது சார். அடிச்சிடுங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரோட நானூறு?"

"என்னோடதுதான்." எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்குரு, ஏப்பம், இறக்கம், ஹீட்டர். குரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

பென்சிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "காத்து வெளியேற முன்பக்கம் வழி வச்சிருக்கேன்க்கா. கணக்குப் போட்டுத்தான் வரைஞ்சேன்."

"நீ சமதரையில கணக்குப் போட்ட தம்பி. நானும் சமதரையில ஓட்டினேன். மலை மட்டும் நம்ம ரெண்டு பேர் பேச்சையும் கேக்கல."

"இதெல்லாம் ஊகம்," என்றார் மேலாளர். "ஊகத்தை நம்பி நான் அச்சை மாத்த முடியாது. இங்கே, பெட்ல, என் கண்ணு முன்னால கருகட்டும்."

"கருக வைக்கிறேன். அஞ்சு நாள் குடுங்க."

"உங்க என்ஜினை நீங்களே கொல்லப் போறீங்களா?"

"கொன்னாத்தான் சார் அதைக் காப்பாத்த முடியும்."

டெஸ்ட் பெட் கெட்டி இரும்புத் தளம், அசையாது. ஆனால் என்ஜினின் பின்பாதத்துக்குக் கீழே எஃகுத் தகடுகளை அடுக்கினால், அதைப் பாரம் ஏற்றும் கருவியோடு இணைக்கும் தண்டு ஐந்து டிகிரி வரை சாய்வைத் தாங்கும். அடுக்கினாள். பெட்டின் பெரிய தண்ணீர்த் தொட்டியைத் துண்டித்துவிட்டு, காரில் இருக்கிற ரேடியேட்டரையே கொண்டு வந்து மாட்டினாள். பின்பக்கத்து ஸ்குருவின் மேல் சிவப்புப் பெயிண்ட் பூசி, மற்ற ஷிஃப்டுக்காரர்களிடம், "இதை யாராவது தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்" என்றாள். இருபது நிமிடம் முழு பாரம், பத்து நிமிடம் இளைப்பாறல், மறுபடி முழு பாரம். மலைப்பாதையை அறைக்குள் கொண்டு வந்துவிட்டாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. போகிற வருகிறவர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து, "இன்னும் உயிரோட இருக்காக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் பென்சில் வந்து, காதிலிருந்த பென்சிலைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். கருகக்கூடாது என்று வேண்டிக்கொள்கிற முகம்.

காலையில் தொடங்கும்போது அவளுக்குத்தான் கஷ்டம். ஸ்பேனர் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அரைச் சுற்று, ஒரு மூச்சுக் காற்று. என்ஜின் நிம்மதியாகிவிடும். இத்தனை வருடப் பழக்கம் விரல் நுனியில் நமநமவென்று அரித்தது. கடைசியில் ஸ்பேனரைக் கழற்றிக் கொண்டுபோய் மேலாளர் அறையில் கொடுத்துவிட்டு வந்தாள். "இதை என்ன பண்றது?" என்று அவர் கேட்டதற்கு, "என்கிட்ட குடுக்காம இருந்தா போதும்" என்றாள்.

நாலாவது நாள் மதியம் இரண்டே கால். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வெப்பம் காட்டும் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. மற்ற முட்கள் அசையவில்லை. எட்டு டிகிரி, பதினைந்து, இருபத்தாறு. அவள் எழுந்து நின்று எழுதினாள். பென்சில் ஃபோனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டான். அவர் ஓடி வந்தபோது வித்தியாசம் முப்பத்தெட்டு டிகிரி.

"நிறுத்திடலாமா?" என்றார் அவர்.

"உங்க கண்ணு முன்னாலன்னு சொன்னீங்களே சார்."

சத்தம் மாறியது. ஆறு பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் தொண்டை கட்டிக்கொண்டதுபோல இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை ஆவி பொங்கியதும் அவள் சிவப்புப் பொத்தானை அடித்தாள். நோட்டில் நேரத்தைக் குறித்தாள்: இரண்டு முப்பத்தொன்று.

ஹெட்டைத் தூக்கியபோது, அதே இடம். அதே சுண்டுவிரல் அகலம்.

பென்சில் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, ஹெட்டின் பின்கோடியில், அவள் ஏப்பம் விட வைத்த இடத்துக்கு ஒரு விரல்கடை மேலே வட்டம் போட்டான். "இங்க எட்டு மில்லிமீட்டர் வழி. ஒரு சின்னக் குழாய் போட்டு ரேடியேட்டரோட மேல்தொட்டியில சேத்துட்டா, எந்தப் பக்கம் சாஞ்சாலும் காத்து தானா வெளியே போயிடும். அச்சுல மாத்திடலாம்க்கா. ரெண்டு நாள் வேலை."

"முதல்ல இந்த ஹெட்டுல துளை போட்டுக் குடு. ஓட்டிப் பாத்துட்டு அச்சைத் தொடலாம்."

மேலாளர் நாட்காட்டியைப் புரட்டினார். "மிச்சம் நாலரை வாரம். பழைய நானூறுல ஒரு இருநூறையாவது சேத்துக்கலாம் இல்லையா? மத்த பாகமெல்லாம் அதேதானே?"

"செல்லாதது செல்லாதது சார். பூஜ்யத்துலேர்ந்து ஓட்டுறேன். சாய்ச்சு வச்சுத்தான் ஓட்டுவேன். அந்த ஸ்குரு துளையையும் வெல்டு வச்சு மூடிடுங்க. நானே நினைச்சாலும் தொட முடியக் கூடாது."

மூன்று ஷிஃப்டும் மாறி மாறி ஓட்டினார்கள். நூறு மணி நேரத்தில் ஒரு பெல்ட் அறுந்தது, மாற்றினார்கள். இருநூற்றுப் பதினேழில் டர்போக் குழாயின் இறுக்கு வளையம் தளர்ந்து அரை நாள் வீணாயிற்று. மேலாளர் தினமும் காலையில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். பிரேக் மாமா ஒருநாள் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இதுக்குப் போய் என் காலைப் பழி சொன்னாங்களே" என்றார். "இன்னும் முடியல மாமா, முடிஞ்சதும் உங்க காலுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்" என்றாள் அவள். ஆறாவது சிலிண்டர்ப் பக்கத்து முள், மற்றவற்றிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகாமல் ஓடியது. ஆனாலும் முள்ளை நம்பிக் கையெழுத்துப் போடுவதாக அவள் இல்லை. ஒரு முறை போட்டாயிற்றே.

கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு காலை பத்து மணிக்கு நானூறு முடிந்தது. இந்த முறை அவள் டீ வாங்கித் தரவில்லை. என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே தளர்த்தினாள். பென்சிலும் மேலாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஹெட்டைத் தூக்கினார்கள். கேஸ்கட்டை உரித்தெடுத்து, துடைத்து, மேஜைமேல் வெள்ளைத் துணியில் வைத்தாள். பென்சில் குனிந்தான். தகட்டை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான்.

"அக்கா, இதுல ஆறாவது எந்தப் பக்கம்?"

அவள் விரல் வைத்துப் பார்த்தாள். சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட இடமெல்லாம் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. அவளுக்கும் தெரியவில்லை. தகட்டின் ஓரத்தில் அடித்திருந்த குறியைத் தேடி, முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் ஆறாவதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

மேலாளர் அறிக்கையையும் பேனாவையும் நீட்டினார். அவள் வாங்கினாள். சோதனை நடந்த விதம் என்ற பத்தியில், தினமும் காலையில் என்னென்ன செய்தார்கள் என்பதை, விளக்கைப் போட்டதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் எழுதினாள். ஒன்றேகால் பக்கம் வந்தது. அதன் பிறகுதான் கீழே கையெழுத்துப் போட்டாள்.